விறகு போட்ட உத்தரவு

"ராத்திரி முழுக்கப் பட்டினி போட்டிருக்கான், பாவி," என்று சொல்லிவிட்டுப் பேராசிரியர் சிரித்தார். பட்டினி கிடந்தவை கண்ணாடித் தட்டில் வளர்த்த கல்லீரல் செல்கள்தான்.

அவருக்குச் சிரிப்பு மூக்கு வழியாகத்தான் வரும். எதிரே கணினி முன்னால் அவருடைய ஆய்வு மாணவி உட்கார்ந்திருந்தாள். அவர் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்ய வேண்டும். ஆராய்ச்சியெல்லாம் மிச்ச நேரத்தில்.

அவர் கையில் இருந்தது உதவித்தொகைக்கு வந்த ஆய்வுத் திட்டம். கிடைக்காதவர் ஆய்வைப் பாதியில் விட்டு மூட்டை கட்ட வேண்டியதுதான். மதிப்பெண் போடும் நடுவர் அவர்தான். நடுவருக்குப் பெயர்களை மறைத்துத்தான் அனுப்புவார்கள். நடுவரின் மாணவர்கள் போட்டியில் இருக்கக் கூடாது. தன்னிடம் அப்படி யாரும் இல்லை என்று பேராசிரியரும் எழுதிக் கொடுத்திருந்தார்.

இன்சுலின் ஒரு துளிகூட இல்லாமல், பட்டினி கிடந்த செல்லுக்கு வெறும் குளுக்கோஸ் கொடுத்தாலே கொழுப்பைத் தயாரிக்கும் மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன என்றது திட்டம். அதாவது, சர்க்கரை எரிவதோடு நிற்பதில்லை, கட்டளையும் இடுகிறது.

"சர்க்கரைங்கறது விறகு. விறகு போய் சமையல்காரனுக்கு உத்தரவு போடுமா?" என்றார். காலமெல்லாம் இன்சுலினைக் கட்டிக்கொண்டு அழுதவர்; அதன் அதிகாரத்தில் வேறொன்று பங்கு கேட்பது அவருக்குப் பொறுக்கவில்லை.

செல்லுக்குப் பயன்படாத வேறொரு சர்க்கரையைக் கொடுத்துச் சரிபார்க்கக்கூடத் துப்பில்லை என்று தாள்களை மேசையில் வீசினார்.

"அடுத்த பக்கத்துல இருக்கு சார். அதுக்கு மரபணு அசையவே இல்லை," என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் புரட்டிப் பார்க்கவில்லை. குப்பையைக் கிளறினால் குப்பைதான் வரும் என்றார். பூஜ்யம் போடச் சொன்னார். அதோடு விட்டிருக்கலாம். எழுதியவனைக் கடித்துத் துப்பிய பிறகும் பசி அடங்காமல் அவனுடைய வழிகாட்டியைப் பிடித்துக்கொண்டார்.

"இதையும் எழுதும்மா. வழிகாட்டி ஒரு வரிகூடப் படிக்காம கையெழுத்துப் போட்டிருக்கார். அவரை நம்பி இனி எந்த மாணவரையும் ஒப்படைக்கக் கூடாது."

அவள் விரல்கள் நின்றன. அந்த வரி வேண்டாமே என்று கேட்டுப் பார்த்தாள். இது நேரே நிறுவன இயக்குநருக்குப் போகிற மதிப்பீட்டுக் கடிதம் என்றும் நினைவூட்டினாள். அதற்காகத்தான் வேண்டும் என்றவர், 'தற்குறி' என்ற சொல்லையும் சேர்க்க வைத்தார்.

அனுப்பு என்றார். ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினாள். அவளுக்கு அழுகை வந்தது, கூடவே கொஞ்சம் சிரிப்பும்.

பேராசிரியர் திருப்தியாக நாற்காலியில் சாய்ந்தார்.

"அந்த வழிகாட்டி யாருன்னு விசாரிச்சு வை. மூஞ்சியைப் பாக்கணும்."

"நீங்கதான் சார்."