முதுகைக் காட்டி உட்கார்ந்தவள்

சாயங்காலத்துக்குள் அவனை வெளியே விட்டாக வேண்டும். இன்ஸ்பெக்டரம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

மனைவியைக் காணவில்லை என்று புகார் கொடுத்தவனே அவன்தான். ஆள் சரியான கல்லுளிமங்கன். கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்பதைத் தவிர வாயிலிருந்து வேறு வார்த்தை வரவில்லை. உடலும் இல்லை, சாட்சியும் இல்லை. போதாக்குறைக்கு அவனுடைய மாமியாரே, மருமகன் தங்கம், என் மகள்தான் முன்கோபி, நாளைக்கே வந்து நிற்பாள் பாருங்கள் என்று ஸ்டேஷன் வாசலில் அவனுக்காக வாதாடிக்கொண்டிருந்தாள்.

இன்ஸ்பெக்டரம்மா கடைசியாக ஒரு வித்தை வைத்திருந்தாள்.

காணாமல் போனவளின் நீலச் சால்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு, உள் அறை ஜன்னலோரம் முதுகைக் காட்டி பெண் கான்ஸ்டபிள் உட்கார வேண்டும். மனைவி உயிரோடு இருப்பதாக நம்புகிறவன் ஓடிப்போய்த் திட்டுவான். கொன்றவன் என்றால் குட்டு உடையும். சால்வையைக் கையோடு வைத்திருந்த மாமியாரிடம் அதை வாங்கிக்கொள்ளச் சொல்லி கான்ஸ்டபிளை அனுப்பினாள்.

கதவிடுக்கில் நீலம் தெரிந்ததும் அவனை அழைத்து வந்தாள்.

கதவைத் திறந்தாள்.

அவன் ஓடவில்லை, திட்டவில்லை. நின்ற இடத்திலேயே முழங்கால் மடிந்து விழுந்தான்.

"அப்படிக் கேக்காதடி... செங்கல் சூளைக்குப் பின்னாடிதான் பொதைச்சேன்," என்று கும்பிட்டான்.

அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் இருந்தது.

இன்ஸ்பெக்டரம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. அவனை ஏட்டிடம் தள்ளிவிட்டு, சூளைக்கு ஜீப் கிளம்பட்டும் என்று கத்தினாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இப்படியொரு சந்தோஷம் கண்டதில்லை. உள்ளே ஓடி, நீலச் சால்வையைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டு, அசத்திவிட்டாய் என்றாள்.

தோள் எலும்பும் தோலுமாக இருந்தது.

பெண் கான்ஸ்டபிள் அறை வாசலில் நின்று கையைப் பிசைந்தாள். அந்தம்மா சால்வையைத் தர மறுத்துவிட்டார்கள், மருமகன் மேல் தப்பில்லை என்று நானே உட்கார்ந்து நிரூபிக்கிறேன் என்று ஒரே பிடிவாதம் என்றாள்.

இன்ஸ்பெக்டரம்மாவுக்குக் கையை எடுக்கவும் தோன்றவில்லை, வைத்திருக்கவும் கூசியது. ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று, யாரும் எதுவும் பேசவில்லை, பயத்தில் அவனாகத்தான் உளறினான் என்றாள்.

அந்தத் தாய் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

"இல்லம்மா, என் மக பேசினா. என்னை எங்க விட்டுட்டு வந்தீங்கன்னு அவர்கிட்ட கேட்டா. என் காதுலயும் விழுந்துச்சு."