செவலைக்கு வந்த இளைப்பு

ஒரு ஆட்டுக்கு இரண்டு குட்டிகள். சின்னவன் புள்ளிக்கு இளைப்பு நோய். பத்துத் துள்ளல் துள்ளியதும் அம்மா அவனை நிழலில் உட்கார வைத்து முதுகை நக்கிக் கொடுப்பாள். மூச்சு அடங்கின பிறகுதான் மறுபடி துள்ள விடுவாள்.

பெரியவன் செவலைக்கு வயிறு எரிந்தது. "நான் பாறை உச்சிக்கே ஏறினாலும் என்னைத் திரும்பிப் பார்க்கிறாளா?"

மறுநாள் அவன் பாதிப் பாறையில் நின்று, "அம்மா, எனக்கும் இளைக்குது!" என்று நெஞ்சைத் தூக்கித் தூக்கிப் போட்டான். அம்மா பதறி ஓடிவந்து அவனை நிழலுக்குக் கூட்டிப் போனாள்.

புள்ளி வந்து ஒட்டி உட்கார்ந்தான். "அண்ணே, உனக்கும் நெஞ்சுல கல்லு வச்ச மாதிரி இருக்கா? எனக்கு மட்டும்தான் இப்படின்னு பயந்துக்கிட்டே இருந்தேன்."

அம்மா செவலையின் முதுகை நக்க ஆரம்பித்தாள். அவன் தலையைத் தூக்கவே இல்லை.