இருபத்தேழாம் டோக்கன்

ஆஸ்பத்திரியின் பழைய டோக்கன் மென்பொருள் ஆமையாய் நகர்கிறது என்று புகார். ஜாவாவா பைத்தானா என்று குழுவோடு மல்லுக்கட்டி, இருப்பதிலேயே வேகமான கணினி மொழியில் புதிதாக எழுதிக் கொண்டுவந்திருந்தான் இசக்கியப்பன். நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில் நின்று அவன் பார்த்துக்கொண்டிருக்க, திரையில் இருபத்தேழு வந்தது. ஒரு பெரியவர் கைத்தடியை ஊன்றி எழுந்து நிமிர்வதற்குள் அது இருபத்தெட்டுக்குத் தாவிவிட்டது.

"நம்ம நம்பர் போயிட்டோ, தம்பி?" என்று கேட்டுவிட்டு அவர் மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

இசக்கியப்பனுக்குச் சுருக்கென்றது. எண்ணை அழைத்ததும் கொஞ்ச நேரம் சும்மா இரு என்று பழைய நிரலில் யாரோ ஒரு வரி எழுதிவைத்திருந்தார்கள். வெட்டி வேலை என்று அதை நீக்கியவன் அவன்தான்.

அலுவலகத்திலிருந்து அவன் குழுவைச் சேர்ந்த பெனாசிர் போனில் கூப்பிட்டாள். "இந்த லாங்குவேஜையே வச்சுக்கலாமாண்ணே?"

"எதுவானாலும் சரிம்மா" என்றவன், பெரியவரின் முழங்கையைப் பிடித்தான். "அவசரமே இல்ல. மெதுவா எந்திரிங்க."