கோமதியின் குரல்பதிவு

மயக்க மருந்து கொடுத்தபின் சுவாசத்துக்கான குழாய் தொண்டையில் சிரமமில்லாமல் இறங்குமா என்பதை, நோயாளி பேசுவதைக் கேட்டே இயந்திரம் சொல்லிவிடும். அதை மீறி நோயாளியின் வாயைத் திறந்து பார்த்து வம்பை விலைக்கு வாங்க எந்த மருத்துவரும் தயாரில்லை. பித்தப்பைக் கல்லோடு வந்த கோமதிக்கு 'இறங்காது' என்றது. டாக்டர் நஸீமா கழுத்தில் துளைபோட்டுக் குழாயைச் செருகினார்.

மறுநாள் மனசு கேட்காமல், இயந்திரம் கேட்ட அந்தக் குரல்பதிவைப் போட்டுக் கேட்டார். பெயர், வயது, வாந்தி உண்டா என எல்லாக் கேள்விக்கும் கணவர் தணிகாசலத்தின் கட்டைக்குரல்தான் பதில் சொல்லியிருந்தது.

நஸீமா வார்டுக்கு ஓடினார். கழுத்துக் கட்டோடு, குரலெழும்பாமல் படுத்திருந்தாள் கோமதி.

"ரொம்ப வலிக்குதாம்மா?"

கோமதி உதட்டைப் பிரித்தாள்.

"அதெல்லாம் வலியே இல்லைங்க டாக்டர்" என்றார் தணிகாசலம்.