இனிமேல் இரண்டு வேளை

ஜன்னல் வெயில் விழும் மேஜையில், தையல்காரரின் கையைச் சுற்றியிருந்த ரத்த அழுத்தப் பட்டையை நர்ஸ் உருவுகிறாள். "தலை சுத்துதும்மா. ஊசியில நூல் கோக்க முடியல. போன மாசமே மாத்திரைய நிறுத்திட்டேன்" என்கிறார் இவர், தப்பு செய்தவர்போல. "அத டாக்டர்கிட்ட சொல்லுங்க." அவள் எண்ணை மட்டும் எழுதி, சீட்டைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருக்கும் டாக்டரிடம் தள்ளுகிறாள். லீவு விஷயமாக வந்த சண்டைக்குப் பிறகு அவளும் டாக்டரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவர்களுக்காகச் சீட்டுதான் பேச வேண்டும். டாக்டர் சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "இவ்வளவு ஏறியிருக்கே" என்கிறார். தையல்காரர் தொண்டையைச் செருமுகிறார். "நர்ஸம்மாகிட்ட சொன்னேங்க, அந்த மாத்திரை..." "சொல்லிட்டீங்கல்ல, சரி." பேனா ஓடுகிறது. மருந்து கொடுப்பவள், "இனிமே ரெண்டு வேளை" என்று மாத்திரை அட்டைகளை நீட்டுகிறாள். பிறகு, இன்றைக்கு முதல் ஆளாக, இவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கிறாள். "வேற ஏதாவது சொல்லணுமாங்க?" மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க இவருக்கு வாய் வரவில்லை. "ஒண்ணுமில்லம்மா." டாக்டரிடம் காட்டுவதற்கென்று கொண்டுவந்த போன மாத அட்டைகள் பிரிக்காமலே பைக்குள் கிடக்கின்றன. அவற்றின் மேல் இவற்றையும் வைத்து, ஜிப்பை இழுத்து மூடுகிறார்.