லேஸ் இல்லாத ஷூ

"எங்கப்பாவையே சுவரைப் பாத்து நிக்க வெச்சீங்களா?"

போலீஸ்காரர் இன்னும் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. மனைவி சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றிருந்தாள்.

"யார் சொன்னா?"

"எதிர்வீட்டுத் தையல்காரம்மா. நடுத்தெருவுல கையைத் தூக்கச் சொல்லி, இடுப்பைத் தடவி, ஷூவைக் கழற்றச் சொல்லி... இந்த வாரத்துல இது மூணாவது தடவையாம். கல்யாணத்துல என்னை உங்ககிட்ட பிடிச்சுக் கொடுத்த கை அது."

அவர் தொப்பியை ஆணியில் மாட்டினார்.

"முனையில வர்றவங்ககிட்ட துப்பாக்கி இருக்கான்னு சோதிக்கச் சொல்லியிருக்காங்க. மாமனார்னு விட்டா மத்தவன் சும்மா இருப்பானா?"

"மத்தவனை மட்டும் எதுக்குச் சோதிக்கணும்? இந்த ஊர்ல கடையில துப்பாக்கியைக் கத்திரிக்காய் மாதிரி அடுக்கி வெச்சு விக்கிறான். அவனை விட்டுட்டு, வேலைக்குப் போற பசங்க சட்டையைத் தூக்கிப் பாக்கறீங்க."

"கடையை மூடற அதிகாரம் எனக்கில்லை. எனக்குக் கொடுத்தது அந்தத் தெரு முனைதான். போன மாசம் ஒரு துப்பாக்கி பிடிச்சோமே, அதை மறந்துட்டியா?"

"எத்தனை பேரைத் தடவி அந்த ஒண்ணு?"

 "அது வெடிச்சிருந்தா அடிபட்டவன் உன் வார்டுக்குத்தான் வந்திருப்பான்," என்றார் அவர்.

அவள் நர்ஸ். குண்டடி பட்டு வருகிறவர்களுக்குக் கட்டுப் போடுகிறவள். 

"அதுக்காக எங்கப்பாவா? ஒரு எறும்பைக்கூட இடிக்காம பஸ் ஓட்டின மனுஷன். உங்களுக்குப் பயந்து ஷூவைக்கூட மாத்திட்டார், கவனிச்சீங்களா? லேஸ் கட்டற ஷூவை மூலையில போட்டுட்டு, சும்மா மாட்டிக்கிற மாதிரி ஒண்ணு வாங்கியிருக்கார்."

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டது போலிருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"அப்பா இப்போ வருவார். அவரோட நானும் கிளம்பறேன். மாமனாரைத் தடவின கையாலேயே சமைச்சுச் சாப்பிடுங்க."

கரண்டியை அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது.

அப்பா வந்தார். வாசலில் குனியாமலே ஷூவை உதறிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, நாளைக்கு எந்த முனை? மார்க்கெட்டா, பஸ் ஸ்டாண்டா?"

பெட்டியோடு வந்த மகள் அப்படியே நின்றாள்.

"எதுக்குப்பா கேக்கறீங்க?"

அப்பா மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"நான் ஒண்ணும் சொல்லலை மாமா. சொல்லக் கூடாதுன்னீங்க. கரண்டியும் கையுமா திட்டு வாங்கிட்டு நிக்கிறேன்."

அப்பா பிடரியைச் சொறிந்தார்.

"முதல் நாள் பாத்தேன்மா. வரிசையில முன்னாடி நின்ன பையன் கையைத் தூக்கிட்டு அழுதான். அவன்கிட்ட சாப்பாட்டு டப்பாவைத் தவிர ஒண்ணுமில்லை. ஆனா தெருவே அவனைத் திருடனைப் பாக்கற மாதிரி பாத்துது. போலீஸ்காரர் மாமனாரே முதல் ஆளா நின்னா, பின்னால நிக்கிறவனை யாரு அப்படிப் பாப்பாங்க? அதான் நானாவே போய் நிக்கிறேன்."

மகள் பெட்டியைக் கீழே வைத்தாள்.

"அப்போ சோதனை சரின்னு சொல்றீங்களா?"

"எனக்கெங்கம்மா தெரியும்? நீ பேசினா நீ சொல்றது சரின்னு படுது. மாப்பிள்ளை பேசினா அவர் சொல்றதும் நியாயமாத்தான் இருக்கு. நீங்க பேசி முடிக்கிற வரைக்கும் அந்தப் பசங்கதானே தினமும் நிக்கணும்."

"அந்த ஷூ?"

"லேஸ் அவிழ்க்க நேரமாகுதும்மா. பாவம், பின்னால வரிசை காத்துக் கிடக்கு."

மறுநாள் மார்க்கெட் முனையில் போலீஸ்காரர் மாமனாரின் சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தார். "போங்க மாமா," என்றார். அடுத்த ஆள் பக்கம் திரும்பினார்.

நர்ஸ் உடையில், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தாள் அவர் மனைவி. அவளுக்குப் பின்னால் இளைஞர்களின் வரிசை.

"சோதனை தப்புதான். அதுல நான் மாறலை," என்றாள் திரும்பாமலேயே. "பொம்பளை போலீஸைக் கூப்பிடுங்க. அவங்க வர்ற வரைக்கும் நிக்கிறேன்."