வலது பக்கம் கம்மி

“இதுவும் வலது பக்கம் கம்மி.”

ஒலிப்பதிவாளர் ஐந்தாவது ஹெட்போனையும் கழற்றி மேஜையில் வைத்தார்.

கூட வந்திருந்த ஸ்டூடியோ முதலாளியம்மா விற்பனைப் பெண்ணை முறைத்தாள். “ஏம்மா, இது கடையா, காயலான் கடையா? அஞ்சு எடுத்துக் காட்டினே. அஞ்சும் சொத்தை!”

விற்பனைப் பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். பதினைந்து வருஷமாக அதே கவுண்டர். இந்த மாதிரி சத்தமெல்லாம் நிறையக் கேட்டவள். பதறவில்லை.

“வேற கம்பெனி காட்டறேன் மேடம்.”

“காட்டு. ஆனா விலை நான் சொன்னதுதான். பன்னிரண்டாயிரத்துக்கு மேல ஒரு சல்லி கிடையாது. பின்பக்கம் நல்லா மூடினதா இருக்கணும். உள்ளே ஓடுற சத்தம் ஒழுகி மைக்ல விழக் கூடாது.”

“அதான் மேடம், க்ளோஸ்டு பேக். நீங்க பார்த்த அஞ்சும் அந்த ரகம்தான். ஒழுகவே ஒழுகாது.”

“ஒழுகல, சரி. ஒரு பக்கம் கேக்கலையே! அரைக் காதுக்கு முழு விலையா? பாதிக்குக் கொடு, எடுத்துக்கறேன்.”

“அம்மா, பாதி விலைக்கும் இது வேண்டாம்” என்றார் ஒலிப்பதிவாளர் அவசரமாக.

“நீங்க சும்மா இருங்க. கேக்கறது உங்க வேலை, பேரம் என் வேலை.”

முதலாளியம்மா விற்பனைப் பெண் பக்கம் திரும்பினாள். குரலை மட்டும் இறக்கவில்லை.

“இருபது வருஷமா இவர் காதை நம்பித்தான் என் ஸ்டூடியோ ஓடுது. போன மாசம் ஒரு விளம்பரம் திரும்பி வந்துச்சு. வலது பக்கம் சத்தம் தூக்கலா இருக்காம். இந்த வாரம் இன்னொண்ணு. கேட்டா, பழைய ஹெட்போன் பழுதுங்கறார். சரி, புதுசு வாங்கித் தர்றேன். அதுக்கப்புறமும் திரும்பி வந்தா, வேற ஆளைப் பார்க்க வேண்டியதுதான். மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டேன்.”

ஒலிப்பதிவாளர் அலமாரியில் எதையோ தேடுவதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விற்பனைப் பெண் ஆறாவதை எடுத்தாள். காதில் படும் மெத்தையைத் துடைத்து, அவளே அவர் தலையில் மாட்டிவிட்டாள். முந்தைய ஐந்துக்கும் போட்ட அதே பாட்டைப் போட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“இதுவும்... வலது பக்கம்தான் கம்மி.”

முதலாளியம்மா அதைப் பிடுங்கித் தானே மாட்டிக்கொண்டாள். “எனக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தானே கேக்குது?”

“உன்னிப்பா கேட்டாத்தான் தெரியும்மா.”

“அப்போ நான் செவிடுங்கறீங்க?”

முதலாளியம்மா ஹெட்போனைக் கழற்றி விற்பனைப் பெண்ணிடம் நீட்டினாள்.

“இந்தாம்மா, நீ கேளு. தினம் இதே வேலைதானே உனக்கு? உள்ளதைச் சொல்லு. இவர் சொல்றது சரியா, நான் சொல்றது சரியா?”

விற்பனைப் பெண் மாட்டிக்கொண்டாள். பாட்டு முழுக்கக் கேட்டாள். நடுவில் ஒரு தடவை ஒலிப்பதிவாளரைப் பார்த்தாள். அவர் கைக்குட்டையை நாலாக மடித்து, பிரித்து, திரும்ப மடித்துக்கொண்டிருந்தார்.

கழற்றினாள்.

“சார் சொல்றதுதான் சரி மேடம். வலது பக்கம் கம்மி. இந்தத் தடவை வந்த லாட் சரக்கு முழுக்கக் கோளாறு. அடுத்த வாரம் புது லாட் வருது. வந்ததும் நானே போன் பண்றேன்.”

“பார்த்தியா! இவர் மட்டும் வரலேன்னா இந்தச் சொத்தையை என் தலையில கட்டியிருப்பீங்க. காதுன்னா அது இவர் காது! வாங்க, போகலாம்.”

முதலாளியம்மா விறுவிறுவென்று படியிறங்கினாள். ஒலிப்பதிவாளர் பின்னால் போனார். அவருக்குக் கதவைத் திறந்துவிடப் போன விற்பனைப் பெண் இரண்டு நிமிஷம் கழித்துத்தான் திரும்பி வந்தாள்.

கண்ணாடி அறைக்குள்ளிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த கடைக்காரர், அவள் உள்ளே கால் வைப்பதற்குள் பாய்ந்தார்.

“யார் உப்பைத் தின்னுட்டு யாருக்கு வாலாட்டறே? காலையிலதான் ஆறையும் நானே கேட்டுப் பார்த்தேன். ஒண்ணுல ஒரு குறை கிடையாது. அந்தம்மா இனி ஊர் முழுக்க நம்ம மானத்தை வாங்கும்!”

“நல்ல சரக்குதான் சார். எனக்கும் தெரியும்.”

“தெரிஞ்சுமா சொன்னே?”

“ஆறாவதை இடம் வலம் மாத்தித்தான் அவருக்கு மாட்டினேன். அப்பவும் வலது பக்கம்தான் கம்மின்னார்.”

கடைக்காரர் ஆறாவதை எடுத்து இடம் வலம் திருப்பிப் பார்த்தார். பிறகு அவருக்குள் இருந்த வியாபாரி விழித்துக்கொண்டார்.

“அதை அந்தம்மாகிட்டச் சொல்லித் தொலைச்சிருந்தா ஒண்ணாவது வித்திருக்குமே!”

“வித்திருக்கும். அந்தம்மா கார்ல ஏறும்போதே வேற ஆளைத் தேடியிருக்கும். காதுல அழுக்கோ, சளியோ, என்னவோ! அதுக்குள்ள ‘செவிடு’ன்னு பேர் வாங்கணுமா சார்?”

“அதெல்லாம் இருக்கட்டும். அடுத்த வாரம் புது லாட் வருதுன்னு வாக்குக் கொடுத்திருக்கியே, எங்கிருந்து வரும்?”

“எதுவும் வராது சார். இதே ஆறைத்தான் திரும்ப எடுத்து வைக்கப் போறேன். அவர்தான் அதுக்குள்ள காது டாக்டரைப் பார்த்துட்டு வருவார்.”